பிரார்த்தனை மேடையும் விடுதிப் பந்தியும்

(கருவடிக்குப்பத்தில் மாணவர்கள் நடுவே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



'கல்லூரி வளாகத்தில் பல்சமய ஆன்மிகமும் கருணையும்' என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். இந்தத் தலைப்பில் யாரும் யாரோடும் சண்டை போட முடியாது. அதுதான் இதிலுள்ள சங்கடம். எல்லாரும் தலையாட்டுவோம், கைதட்டுவோம், டீ குடித்துவிட்டுக் கிளம்புவோம். அப்படி ஆகிவிடக் கூடாது என்பதற்காகக் கொஞ்சம் வம்புக்கு இழுத்துப் பேசலாம் என்றுதான் வந்திருக்கிறேன். நான் முப்பது ஆண்டுக்கு மேல் வகுப்பெடுத்தவன். அதில் கணிசமான காலம் விடுதிக் காப்பாளர், அதாவது வார்டன். வகுப்பில் கற்றுக்கொண்டதைவிட மெஸ்ஸில் கற்றுக்கொண்டது அதிகம்.

கருவடிக்குப்பம் என்றால் புதுச்சேரிக்காரர்களுக்கு என்ன நினைவு வரும்? சித்தானந்த சுவாமி கோயில். பாரதியார் வந்து உலாவிய குயில் தோப்பு. அப்புறம் மயானம். இந்த மயானத்தில்தான் சங்கரதாஸ் சுவாமிகள் அடங்கியிருக்கிறார். தமிழ் நாடகத்தின் தலைமை ஆசிரியர் என்று நாடகக்காரர்கள் இன்றும் வந்து மாலை போட்டுவிட்டுப் போகிறார்கள். மாணவர்களில் எத்தனை பேர் அங்கே போயிருக்கிறீர்கள் என்று கேட்கவில்லை. கேட்டால் அமைதியாக இருப்பீர்கள்.

சுவாமிகள் 1910-இல் ஒரு நாடகக் குழு தொடங்கினார். அதற்கு அவர் வைத்த பெயர் 'சமரச சன்மார்க்க நாடக சபை'. சமரச சன்மார்க்கம் வள்ளலார் வழிவந்த சொல். இங்கிருந்து தெற்கே கொஞ்ச தூரத்தில் வடலூர். அங்கே தருமசாலையில் 1867-இல் அவர் ஏற்றிய அடுப்பு இன்னும் அணையவில்லை. அந்தச் சன்மார்க்கப் பெயரை ஒருவர் நாடகக் கொட்டகைக்கு வைக்கிறார். பிறகு 1918-இல் மதுரையில் 'தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை'. அவ்வை சண்முகம் அண்ணன் தம்பிகளோடு சிறுபிள்ளையாகச் சேர்ந்தது இந்தச் சபையில்தான். பாய்ஸ் கம்பெனி என்று சொல்வார்களே, அதுதான். வெவ்வேறு ஊர்ப் பிள்ளைகள் ஒரே வீட்டில் தங்கி, ஒரே சமையலில் சாப்பிட்டு, விடிகாலையில் எழுந்து பாட்டுப் பாடம், பகலில் வசனம், இரவில் நாடகம். பெற்றோர் ஊரில். கண்டிப்பு கடுமை, அடியும் உண்டு. நம் விடுதி வாழ்க்கைக்கு அது பெரியப்பா முறை.

அந்தப் பிள்ளைகளுக்கு அவர் எழுதிக் கொடுத்த நாடகங்களின் பட்டியலைப் பாருங்கள். வள்ளி திருமணம். பிரகலாதன். சிறுத்தொண்டர். இவை சரி, எதிர்பார்க்கக்கூடியவை. அதே பட்டியலில் ஞானசௌந்தரி இருக்கிறது. மாற்றாந்தாய் சூழ்ச்சியால் கைகள் வெட்டப்பட்டுக் காட்டில் கிடந்த கிறித்தவப் பெண்ணுக்கு மாதாவின் அருளால் கைகள் திரும்பக் கிடைத்த கதை. மணிமேகலையும் இருக்கிறது. பௌத்தத் துறவி, கையில் அமுதசுரபி, ஊரார் பசி தீர்க்கிறவள். வீட்டில் நெற்றி நிறையத் திருநீறு பூசி வளர்ந்த பையன் ஒருநாள் முருகனாக நிற்க வேண்டும், மறுவாரம் மாதாவை நினைத்துக் கண்ணீர்விட்டுப் பாட வேண்டும், அடுத்து புத்த பிக்குணி. பாட்டு மனப்பாடமாக வேண்டும். அழுகை உண்மையாக இருக்க வேண்டும். கொட்டகையில் கடைசிப் பெஞ்சில் இருப்பவனுக்குத் தெரிந்துவிடும், பையன் அழுகிறானா நடிக்கிறானா என்று.

எதற்கு இதைச் சொல்கிறேன்? நம் கல்லூரி ஆண்டுவிழாவில் சர்வசமயப் பிரார்த்தனை எப்படி நடக்கிறது? மூன்று பேரைப் பிடிக்கிறோம். பெயரைப் பார்த்துப் பிடிக்கிறோம். ஒரு தேவாரம், ஒரு ஞானப்பாட்டு, ஒரு கிராஅத். மூன்றும் சேர்ந்து ஆறு நிமிடம். தன் பாட்டைத் தான் பாடிவிட்டு ஒவ்வொருவரும் தன் இடத்தில் போய் உட்காருகிறார்கள். அடுத்தவன் பாட்டை யாரும் கற்றுக்கொள்ளவில்லை. சுவாமிகளின் பிள்ளைகள் நடிப்புக்காகவாவது அடுத்தவன் அழுகையைக் கற்றுக்கொண்டார்கள். நாம் வரிசையில் நின்று ஃபோட்டோ எடுத்துக்கொள்கிறோம். அந்த இஸ்லாமியப் பிள்ளைக்கு உண்மையில் பிடித்தது கர்நாடக சங்கீதமாக இருக்கலாம். 'நீ கிராஅத் ஓது' என்றுதான் ஒவ்வோர் ஆண்டும் சொல்கிறோம். மூன்று ஆண்டும் அவள் தன் மதத்தின் பிரதிநிதி. ஒருமுறைகூட அவளாக மேடை ஏறவில்லை.

நான்காவது ஆளை மறந்துவிட்டோம். எழுந்து நிற்கப் பிடிக்காமல் பின்னால் கதவோரம் நிற்கும் பையன். சாமி இல்லை என்பவன். புதுச்சேரியில் நின்றுகொண்டு அவனை மறக்கலாமா? பாரதிதாசன் பிறந்த ஊர் இது. 1926-இல் 'மயிலம் சுப்பிரமணியர் துதியமுது' பாடியவர், கொஞ்ச காலத்தில் சுயமரியாதை இயக்கத்தில் சேர்ந்து பகுத்தறிவுக் கவிஞரானார். பள்ளிக்கூடத்தில் தமிழாசிரியராகவே வேலை பார்த்தார். தன் பெயரில் மட்டும் கடைசிவரை சக்தி உபாசகரான குரு பாரதியின் பெயரைச் சுமந்தார். குருவுக்குப் பராசக்தி, சீடருக்குப் பகுத்தறிவு. இருவரும் பழகிய காலத்தில் இந்தப் பக்கத்துத் தோப்புகளில்தான் நடமாட்டம். பல்சமயம் என்று வாய்நிறையச் சொல்லிவிட்டுச் சமயமே வேண்டாம் என்பவனை வெளியே நிறுத்தினால் அது புதுச்சேரிக்கு ஒட்டாது. அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் 2021-இல் நாற்பதுக்கும் மேற்பட்ட சமய ஆலோசகர்கள் இருந்தார்கள். பாதிரியார், ரப்பி, இமாம், இந்து, பௌத்தர் என்று பலதரப்பட்டவர்கள். அந்த ஆண்டு அவர்கள் எல்லாரும் சேர்ந்து தங்கள் அமைப்பின் தலைவராகத் தேர்ந்தெடுத்தவர் கிரெக் எப்ஸ்டீன். அவர் கடவுள் நம்பிக்கை இல்லாத மனிதநேயர். நம்மூரில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். ஆனால் வீட்டை விட்டு வந்து இரவு இரண்டு மணிக்குத் தூக்கம் வராமல் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்குப் பக்கத்தில் உட்காரத் தெரிந்தவரா என்பதுதான் அங்கே தகுதி.

சரி, புதுச்சேரி சமரச பூமி, மூன்று மதமும் கைகோத்த ஊர் என்றெல்லாம் சுற்றுலாப் புத்தகத்தில் போடுகிறார்கள். நாமும் பேசுகிறோம். ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பைப் புரட்டினால் வேறு புதுச்சேரி தெரியும். 1745-ஆம் ஆண்டுக் குறிப்பில் சம்பா கோயில் சுவர் வருகிறது. மாதா கோயிலுக்குள்ளேயே ஒரு சுவர். இந்தப் பக்கம் சாதிக் கிறித்தவர்கள், அந்தப் பக்கம் பறையர் கிறித்தவர்கள். காரைக்காலிலிருந்து வந்த ஒரு பாதிரியார் தூண்டுதலில் அந்தச் சுவரை எடுக்கிறார்கள். அதையொட்டிப் பெரிய அமளி. மூன்றே ஆண்டு கழித்து, 1748-இல் ஆங்கிலேயர் முற்றுகையின்போது, பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்சு காலத்தில், சம்பா கோயிலுக்குப் பக்கத்திலிருந்த வேதபுரீசுவரர் கோயிலை இடித்தார்கள். பிள்ளை அதை எழுதும்போது மனம் வெந்து எழுதுகிறார். இதையெல்லாம் கிளறுவது பழி தீர்க்க அல்ல. இடித்தவரும் இல்லை, இடிபட்டதைப் பார்த்தவரும் இல்லை. நான் சொல்ல வருவது சின்ன விஷயம்: இந்த ஊரில் மதத்துக்கும் மதத்துக்கும் நடுவே மட்டும் அல்ல, ஒரே மதத்துக்குள்ளும் சுவர் நின்றது.

அந்தச் சுவரைப் பாரதியார் தன் வீட்டிலேயே இடித்தார். ரா. கனகலிங்கம் என்ற இளைஞர், தாழ்த்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்தவர். அவரை வீட்டுக்கு அழைத்து, பூணூல் போட்டு, காயத்ரி சொல்லிக் கொடுத்தார் பாரதி. கனகலிங்கமே பிற்காலத்தில் 'என் குருநாதர் பாரதியார்' என்று புத்தகம் எழுதியிருக்கிறார், நூலகத்தில் எடுத்துப் படியுங்கள். பூணூல் போடுவதுதான் விடுதலையா என்று இன்று கேட்கலாம். நியாயமான கேள்வி, நானும் கேட்பேன். ஆனால் 1908-இலிருந்து 1918 வரை பத்து ஆண்டு இங்கே அடைக்கலம் இருந்தவர், பிரிட்டிஷ் உளவாளிகள் வாசலில் நிற்க, கையில் காசில்லாமல், சுற்றத்தாரின் வெறுப்பையும் கூடுதலாக வாங்கிக்கொண்டு செய்த காரியம் அது. இதே மனிதர் பிறகு தென்காசிப் பக்கம் பொட்டல்புதூரில் இஸ்லாமியர் கூட்டத்தில் போய் இஸ்லாத்தின் பெருமையைப் பேசினார். இயேசுவைப் பாடினார், அல்லாவைப் பாடினார். நமக்கு அந்தப் பாட்டுகள் மட்டும் நினைவிருக்கின்றன. பூணூல் போட்ட அந்த நாளை விழாக்களில் யாரும் அதிகம் பேசுவதில்லை. பாட்டு மேடைக்கு வசதி.

இப்போது கல்லூரிக்கு வருகிறேன். தமிழ்நாட்டில் பல சமய மாணவர்களை ஒரே வகுப்பில் உட்கார வைத்ததில் மிஷன் கல்லூரிகளுக்குப் பங்குண்டு. சென்னைக் கிறித்தவக் கல்லூரியை எடுத்துக்கொள்ளுங்கள். 1862-இல் வந்த வில்லியம் மில்லர் அதைப் பெரிய கல்லூரியாக வளர்த்தார். பைபிள் வகுப்பு எல்லாருக்கும் கட்டாயம். ஆனால் மதமாற்றம்தான் கல்லூரியின் நோக்கம் என்று மில்லர் நினைக்கவில்லை. அதற்காக மிஷன்காரர்களிடமே ஏச்சு வாங்கினார். அந்தக் கல்லூரிக்குத்தான் சர்வபள்ளி ராதாகிருஷ்ணன் போனார். வகுப்பிலும் வெளியிலும் இந்து மதத்தைக் குறைசொல்லிக் கேட்டது அவரைத் தைத்தது. வேதாந்தத்தில் ஒழுக்கவியலுக்கு இடமில்லை என்ற குற்றச்சாட்டுக்குப் பதிலாக 1908-இல், இருபது வயதில், எம்.ஏ. பட்டத்துக்கு வேதாந்தத்தின் ஒழுக்கவியல் என்றே ஆய்வுரை எழுதினார். அதைப் படித்தவர் அவருடைய பேராசிரியர் ஏ.ஜி. ஹாக். மிஷனரி. மாணவன் எழுதியது தன் சபையாருடைய வாதத்துக்கு எதிர்வாதம். ஹாக் அதைப் பாராட்டி எழுதிக் கொடுத்தார்.

எனக்கு இந்த இடம் மிகவும் பிடிக்கும். அந்த இருவரும் ஒன்றாக உட்கார்ந்து பிரார்த்தனை செய்ததாக நான் படிக்கவில்லை. 'எல்லா மதமும் ஒன்றே' என்று ஒருவர் தோளில் ஒருவர் கைபோட்டுக்கொண்டதாகவும் தெரியவில்லை. ஹாக் கடைசிவரை ஹாக்தான், ராதாகிருஷ்ணன் ராதாகிருஷ்ணன்தான். ஒருவர் நம்பிக்கையை மற்றவர் கவனமாகப் படித்தார், மதிப்பெண்ணில் வஞ்சம் வைக்கவில்லை. ஒரு கல்லூரியிடமிருந்து இதற்குமேல் என்ன எதிர்பார்க்க முடியும்? மாணவன் எழுதுகிற எதிர்வாதத்தை நேர்மையாகத் திருத்துகிற ஆசிரியர் இருந்தால் அந்தக் கல்லூரியில் பல்சமயம் வாழ்கிறது என்று நான் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பேன்.

கட்டாய பைபிள் வகுப்பு அப்படியே நிற்கவில்லை. 1910-களில் சென்னை மாகாணத்தில் இது பெரிய வாதமாயிற்று. மாணவன் விருப்பமில்லாமல் சமய வகுப்பில் உட்கார வேண்டியதில்லை என்று விதி வேண்டும் எனச் சட்டசபையில் குரல் கொடுத்தவர்களில் சீனிவாச சாஸ்திரியும் ஒருவர். அந்த வாதத்தின் முடிவை அரசியலமைப்பின் 28-ஆவது பிரிவில் இன்று படிக்கலாம். முழுக்க அரசுப் பணத்தில் நடக்கும் கல்வி நிலையத்தில் சமய போதனை கூடாது. அரசு அங்கீகாரமோ உதவியோ பெறும் நிலையங்களில் சமய போதனையிலோ வழிபாட்டிலோ யாரையும் சம்மதமில்லாமல் உட்கார வைக்கக் கூடாது. பதினெட்டு வயதாகாதவர் என்றால் பெற்றோர் சம்மதம் வேண்டும். கல்லூரி நிர்வாகிகள் யாராவது இங்கே இருந்தால் ஒரு கேள்வி. 'கட்டாயம் கலந்துகொள்ள வேண்டும், வருகைப்பதிவு எடுக்கப்படும்' என்று பிரார்த்தனை நிகழ்ச்சிக்குச் சுற்றறிக்கை அனுப்புகிறீர்களே, அது எந்தப் பிரிவில் வருகிறது?

பொதுப் பிரார்த்தனையை இந்த நாட்டில் வழக்கமாக்கியவர் காந்தி. கீதை, குர்ஆன், பைபிள், ஜொராஸ்டிரியர் பிரார்த்தனை, ஜப்பானிய பௌத்தர்களின் மந்திரம் எல்லாம் அதில் சேர்ந்தன. 1947 ஏப்ரலில் டெல்லியில், தோட்டித் தொழிலாளர் குடியிருப்பில் அவர் தங்கியிருந்தபோது, மாலைக் கூட்டத்தில் குர்ஆன் வசனம் ஓதக் கூடாது என்று சிலர் எழுந்தார்கள். பஞ்சாபில் வீடு இழந்து வந்தவர்களின் கோபம் காற்றில் இருந்த நேரம். காந்தி என்ன செய்தார்? போலீஸை விட்டு அவர்களை அப்புறப்படுத்திப் பிரார்த்தனையை நடத்தவில்லை. குர்ஆன் பகுதியை மட்டும் வெட்டிவிட்டு நடத்தவும் இல்லை. பிரார்த்தனையையே நிறுத்திவிட்டு எழுந்து போனார். மறுநாள் வந்து மறுபடி கேட்டார். நம் ஆண்டுவிழாக் குழுவிடம் இந்த நிலைமை வந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். நிகழ்ச்சி நிரல் அச்சடித்தாகிவிட்டது, சிறப்பு விருந்தினர் கார் கேட்டுக்குள் வந்துவிட்டது. பிரச்சினைக்குரிய பாட்டை எடுத்துவிட்டு மற்றதை ஓட்டிவிடுவோம். யாரையும் நோகவைக்காமல் ஒருவரை மட்டும் நோகவைப்பதில் நமக்கு நல்ல பயிற்சி.

காந்தியின் அந்த முறையைக் கல்விக்கூடத்தில் நட்டுப் பார்த்தவர்கள் டாக்டர் சௌந்திரமும் ஜி. ராமச்சந்திரனும். 1947-இல் சின்னாளபட்டிக்குப் பக்கத்தில் காந்திகிராமம் தொடங்கினார்கள். டி.வி.எஸ். சுந்தரம் ஐயங்கார் வீட்டுப் பெண், விதவையாகி, டெல்லியில் மருத்துவம் படித்து, மலையாளியான ராமச்சந்திரனை மறுமணம் செய்துகொண்டவர். அந்தக் காலத்தில் அந்தக் கல்யாணமே ஒரு சொற்பொழிவு. அங்கே சர்வசமயப் பிரார்த்தனை உண்டு. ஆனால் பிரார்த்தனைக்கு முன்னே மருத்துவமனை வந்தது, பிரசவம் பார்க்கும் தாதிப் பயிற்சி வந்தது. பிறகுதான் கிராமியக் கல்வி நிறுவனம், 1976-இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகம். வரிசையைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

இனி மெஸ். நான் பார்த்த ஒரு விடுதி. பெயர் வேண்டாம். நானூறு பேருக்கு மேல் சாப்பிடும் இடம். நோன்பு மாதம் தொடங்க ஒரு வாரம் இருக்கும்போது சில மாணவர்கள் வந்தார்கள். 'சார், ஸஹருக்கு ஏதாவது ஏற்பாடு செய்ய முடியுமா? பிஸ்கட்டைத் தின்னுட்டு நோன்பு வைக்கிறோம், பிராக்டிகல் நேரத்துல தலை சுத்துது.' விடியுமுன் சாப்பிடும் நோன்புச் சாப்பாடுதான் ஸஹர். நியாயமான கோரிக்கை. சமையல் மாஸ்டரைக் கூப்பிட்டேன். அவர் ஒரே வார்த்தையில், 'மூணு மணிக்கு ஸ்டோர் ரூமை எவன் சார் தொறப்பான்?' என்றார். அதுவும் நியாயம். அவர் ராத்திரி பதினோரு மணிவரை பாத்திரத்தோடு நிற்பவர். காலை ஐந்து மணிக்கு இட்லிக்கு வந்துவிட வேண்டும். கடைசியில் அவரே வழி சொன்னார். ராத்திரிச் சாப்பாட்டோடு சேர்த்து வடித்து, சோறும் குழம்பும் ஹாட்பாக்ஸில் வைத்துவிடுவது. எழுப்பிவிடுவது வாட்ச்மேன் வேலை. முதல் நாள் அவர் இருட்டில் அறை எண் தப்பாகப் பார்த்து, நோன்புக்குச் சம்பந்தமே இல்லாத இரண்டு அறைகளையும் தட்டிவிட்டார். அந்தப் பையன்கள் திட்டிக்கொண்டே எழுந்து வந்தார்கள். வந்தவர்கள் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். விடுதிப் பையன் சோற்றை விடுவானா?

சிக்கல் அதற்குப் பிறகு. அங்கே டிவைடிங் சிஸ்டம். மாதச் செலவை மொத்தமாகக் கூட்டி ஆளுக்கு வகுத்து மெஸ் பில் போடுவார்கள். மதியம் சாப்பிடாத நோன்பாளிகளுக்கு ஸஹர் தனிச் செலவு. மிச்சத்தையும் செலவையும் கூட்டிக் கழித்தால் தலைக்குச் சில ரூபாய் ஏறுகிறது. மெஸ் கமிட்டி கூடியது. பெரும்பாலோர் 'ஏறினால் ஏறட்டும்' என்றார்கள். இரண்டு பேர் எதிர்த்தார்கள். ஒருவன் எதற்கும் எதிர்ப்பான், அவனை விடுங்கள். இன்னொருவனைத்தான் சொல்ல வேண்டும். அமைதியான பையன். எழுந்து, 'முடியாது சார்' என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டான். கூட்டத்தில் முணுமுணுப்பு. மதவெறி என்று ஒருவன் சத்தமாகவே சொன்னான்.

மறுநாள் மெஸ் பதிவேட்டைப் பார்த்தேன். அந்தப் பையனுக்கு மூன்று மாத பில் பாக்கி. தகப்பனார் கட்டட வேலை, சாரத்திலிருந்து விழுந்து படுத்திருக்கிறார். பாக்கி வைத்தவர்கள் பெயரை அறிவிப்புப் பலகையில் எழுதுவது அந்த விடுதியின் வழக்கம். அவன் பெயர் சுண்ணக்கட்டியில் எழுதி மாதக்கணக்காக எல்லார் கண்ணிலும் படும்படி நின்றது. சில ரூபாய் அவனுக்குச் சில ரூபாய் இல்லை. நோன்பிருக்கும் நண்பனுக்கு எதிராக அவன் பேசவே இல்லை. அவனுக்குப் பேச வேறு இடம் யாரும் வைக்கவில்லை.

அன்றிலிருந்து எனக்கு ஒன்று உறுதியாயிற்று. சமய நல்லிணக்கம் வேறு, கருணை வேறு. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிச் சொல்லி ஒன்றென்று நினைத்துவிட்டோம். ஸஹருக்கு ஆதரவாகக் கை தூக்கியவர்களுக்கு நல்லிணக்கம் இருந்தது. அந்தப் பலகையைத் தாண்டி மூன்று மாதமாகச் சாப்பிடப் போனவர்களும் அவர்கள்தான். வள்ளலார் அடுப்பை ஏற்றிவிட்டு ஐந்து ஆண்டு கழித்து, 1872-இல்தான் ஞான சபையைத் திறந்தார். முதலில் தருமசாலை, பிறகு சபை. காந்திகிராமத்திலும் அதே வரிசை. நாம் நேரே சபைக்குப் போய்விடுகிறோம்.

அந்தப் பையனுக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். பலகையில் பெயர் எழுதுவதை நிறுத்தினோம். அதற்கே அலுவலகத்தோடு பெரிய போராட்டம். 'வசூல் ஆகாது சார்' என்றார்கள். கமிட்டி ஓர் ஏற்பாடு செய்தது. பாக்கி உள்ளவர்களில் விருப்பப்பட்டவர்கள் ஸ்டோர் கணக்கு எழுதினால் அதற்குக் கூலி, பில்லில் கழிக்கப்படும். அவன் கணக்கில் கெட்டிக்காரன். காய்கறிக் கொள்முதலில் எங்கே ஒழுகுகிறது என்று அவன்தான் கண்டுபிடித்தான். ஸஹர் செலவுக்கு மேலேயே மிச்சமாயிற்று. கதை அழகாக முடிகிறதே என்று நினைக்காதீர்கள்; அடுத்த பருவத்தில் அவன் படிப்பை விட்டுவிட்டான். தகப்பனார் இறந்துவிட்டார்.

கார்த்திகை மாதம் இன்னொரு ரகம். பாலிடெக்னிக், இன்ஜினியரிங் மாணவர்களுக்குத் தெரியும். மாலை போட்ட பையன், கறுப்பு வேட்டி, செருப்பில்லாத கால். ஒர்க்‌ஷாப்பில் ஷூ இல்லாமல் நுழையக் கூடாது. லேத்திலிருந்து சுடச்சுட இரும்புச் சீவல் விழும். இங்கே விதியும் சரி, விரதமும் சரி. 'கடவுளா, கல்வியா' என்று பட்டிமன்றம் நடத்தலாம். அந்த ஆசிரியர் நடத்தவில்லை. பேட்ச் பட்டியலைப் புரட்டி, ஒரு மண்டலத்துக்கு அவனை வரைபடப் பிரிவுக்கு மாற்றிவிட்டு, மலைக்குப் போய் வந்தபின் லேத் பயிற்சி கொடுத்தார். இடம் மாறிக்கொள்ள ஒரு பையன் சம்மதிக்க வேண்டியிருந்தது. அவன் என்ன மதம் என்று எனக்கு நினைவில்லை. 'சரிடா சாமி, போ' என்றான். ஐந்து நிமிட வேலை. இத்தகைய ஐந்து நிமிட வேலைகளைச் செய்கிறவர்களுக்கு நாம் பொன்னாடை போர்த்துவதில்லை. அவர்களும் எதிர்பார்ப்பதில்லை.

மறுபக்கமும் உண்டு. 2018 டிசம்பரில் சென்னை ஐ.ஐ.டி. விடுதி உணவகம் ஒன்றில் சைவம் சாப்பிடுவோருக்குத் தனி வாசல், தனிக் கைகழுவும் இடம் என்று அறிவிப்பு ஒட்டியது செய்தியாயிற்று. எதிர்ப்பு வந்ததும் எடுத்துவிட்டார்கள். சைவத்துக்குத் தனிச் சமையல், தனிக் கரண்டி கேட்பதில் எனக்குத் தகராறில்லை. கேட்பவன் வயிற்றுக்கு அது தேவை. கைகழுவும் தொட்டியைத் தனியாகக் கேட்கும்போது வயிறு வேலை செய்யவில்லை. சம்பா கோயில் சுவர்தான் வேறு உருவத்தில் எழும்புகிறது. வசதிக்கும் விலக்கலுக்கும் எல்லை எங்கே என்று விதிப்புத்தகம் சொல்லாது. ஒன்றாகச் சாப்பிடுகிறவர்கள்தான் பேசித் தீர்க்க வேண்டும்.

கருணைக்குக் கல்லூரிகளில் அதிகாரபூர்வ வழி ஒன்று இருக்கிறது. என்.எஸ்.எஸ். காந்தி நூற்றாண்டில், 1969 செப்டம்பர் 24 அன்று தொடங்கியது. இரண்டு ஆண்டில் 240 மணி நேரம் சேவை, ஏழு நாள் முகாம், முடித்தால் சான்றிதழ். கருணைக்கு வருகைப்பதிவேடு வைத்த ஒரே நாடு நாமாகத்தான் இருப்போம் என்று நான் கேலி செய்ததுண்டு. ஆனால் 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரை கடந்து, ஒரே நாளில் 46 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டித் தெருவெல்லாம் ஏரியான பிறகு அந்தக் கேலியை நான் செய்வதில்லை. இடுப்பளவு தண்ணீரில் கயிறு பிடித்து நிற்க, நாற்பது பேருக்கு உப்புமா கிண்ட, கிழவி ஒருத்தியை நாற்காலியோடு தூக்கிவர, பழகின கை வேண்டும். மணிக்கணக்கு எழுதினாலும் கை பழகுகிறது. ஒரே ஒரு திருத்தம் சொல்வேன். அந்த 240 மணியில் கொஞ்சத்தை உங்கள் விடுதிக்குள்ளேயே செலவழியுங்கள். தத்தெடுத்த கிராமத்தில் மரம் நடப் போகிறீர்கள், நல்லது. பக்கத்து அறையில் காய்ச்சலில் கிடப்பவனுக்குக் கஞ்சி வாங்கிக் கொடுத்தால் கணக்கில் சேராது என்று ஏன் இருக்க வேண்டும்?

அமைதி அறை, தியான மண்டபம் கட்டலாமா என்று நிர்வாகிகள் என்னைக் கேட்கிறார்கள். கட்டுங்கள். எந்தப் படமும் மாட்டாத, செருப்பு விட இடமும் கைகால் கழுவக் குழாயும் உள்ள ஓர் அறை இருந்தால் தொழுகிறவனும் ஜெபிக்கிறவளும் சும்மா உட்கார நினைக்கிறவனும் பயன்படுத்துவார்கள். பூட்டுப் போட்டுச் சாவியை முதல்வர் அறையில் வைக்காமல் இருந்தால் சரி. வெள்ளிக்கிழமை மதிய வேளையில் உள்மதிப்பீட்டுத் தேர்வு வைக்காதீர்கள். ஞாயிறு காலை சிறப்பு வகுப்பு வைக்காதீர்கள். பிரார்த்தனைக்கு வருகைப்பதிவு எடுக்காதீர்கள். கல்லூரி செய்ய வேண்டியது அவ்வளவுதான். மற்றது மாணவர்கள் வேலை.

மாணவர்களுக்கு மட்டும் இன்னொன்று. இந்த உரைக்கு அழைக்க வந்த உங்கள் பிரதிநிதிகளிடம் விடுதி எப்படி என்று விசாரித்தேன். மெஸ் கமிட்டிக்கு ஆளே கிடைப்பதில்லை, ஆண்டுதோறும் வார்டனே நாலு பேரை நியமித்துவிடுகிறார் என்றார்கள். அடுத்த மாதம் புதிய கமிட்டியாம். ஆண்டுவிழா மேடையில் குத்துவிளக்கு ஏற்ற எத்தனை பேர் பெயர் கொடுத்திருக்கிறீர்கள் என்றும் கேட்டேன். பட்டியல் நீளமாக இருந்தது. அதிலிருந்து நாலு பேர் இந்தப் பக்கம் வர முடியுமா? காய்கறிக் கணக்குத் தெரிந்தவராக ஒருவர் இருந்தால் நல்லது.